வெயிலுகந்தாளின் கால்நனைப்பு

வெயிலுகந்தாள் வலது காலைத் தூக்கி அடுத்த அடி வைத்தபோது, எடுத்த அடியின் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது. பின்னால் உப்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு வரப்பில் வந்த அவளுடைய மயினி லிங்கக்கனி அந்தப் பள்ளத்தில் தெரியாமல் காலை வைத்தாள், வைத்த கால் உப்புநீரில் எரிவதுபோல எரியாததால் நின்றாள், பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், பிறகு முன்னால் போகிறவளைக் கூப்பிட்டு, "ஏளா வெயிலு, ஒன் காலடியில நல்ல தண்ணி நிக்கி" என்றாள்.

சாக்குக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போன வெயிலுகந்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. "நிக்கட்டும் மயினி, எனக்குச் சாக்கு கனக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் நடக்க நடக்கப் பின்னால் ஒவ்வொரு தடமும் நிறைந்துகொண்டே வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் உப்பளத்திலிருந்து அவள் வீட்டு வாசல்வரை தடங்கள் நிறைந்து கிடந்தன. முதலில் காக்கைகள் குடித்தன, பிறகு நாய்கள், பிறகு நாங்கள். செம்பு கொண்டுவந்தவர்கள் செம்பில் மொண்டார்கள், கையோடு வந்தவர்கள் கையில் அள்ளினார்கள், மொண்ட பள்ளம் கொஞ்சம் கலங்கி, தெளிந்து, மறுபடியும் விளிம்புவரை ஏறி நின்றது. அது எப்படி வருகிறது என்று கள்ளிவிளையில் யாரும் கேட்கவில்லை. எந்தக் கால் தண்ணீர் உசத்தி என்றுதான் கேட்டார்கள். வலது கால் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்றும், இடது கால் தண்ணீர் வெறும் வயிற்றில் குடிக்க ஏற்றது என்றும், குதிகால் பக்கம் மொண்டால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், பெருவிரல் பக்கம்தான் இனிப்பு என்றும் வாரம் முடிவதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்து, அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லாததுபோல வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

கள்ளிவிளைக்கு மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் கடல். எங்கே தோண்டினாலும் உப்புநீர், எவ்வளவு ஆழம் போனாலும் இன்னும் கெட்டியான உப்புநீர், அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது என்பதால் அதைத் திட்டவும் முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் தாழைக்குளத்துக்குப் போகவேண்டும். அங்கே கிணறு இருந்தது, கிணற்றைவிட ஆழமான வாய்கள் இருந்தன. எங்கள் பெண்கள் குடத்தோடு போய் நின்றால் தாழைக்குளத்துப் பெண்கள் தங்கள் குடங்களெல்லாம் நிறைந்தபிறகு, குளித்தபிறகு, துணி அலசியபிறகு, "உப்பு வந்து நிக்கி, ஊத்தி விடுங்க" என்பார்கள். எங்கள் பெண்களுக்கு அங்கே பெயர் கிடையாது, உப்புதான். கள்ளிவிளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி மாப்பிள்ளை எப்படி என்பதல்ல, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பது.

அந்த ஊரில்தான் தண்ணீர் தானாக நடந்து வந்தது.

அந்தக் கால்களைப் பற்றியும் கைகளைப் பற்றியும் சொல்லாமல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல முடியாது. உப்பளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கால் வெடிக்கும், எண்ணெய் தடவினால் அடங்கும். வெயிலுகந்தாளுக்கு வந்தது வேறு. தண்ணீர் வருவதற்கு முந்தின வருசம் உப்பு முடிகிற சமயத்தில் அவளுடைய விரல் இடுக்குகளிலும் உள்ளங்கையிலும் உள்ளங்கால் வளைவிலும், தோலுக்கு அடியில் ஜவ்வரிசியைப் பதித்தாற்போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. அவை அரித்தன, அரிப்பு தூக்கத்தைத் தின்றது. கொப்புளம் வற்றியதும் தோல் தடித்துக் காய்ந்து உரிந்தது, உரிந்த இடம் சிவந்து பிளந்தது, பிளந்த இடத்தில் நீர் கசிந்தது. ஆறப்போகிறது என்று அவள் நினைக்கிற நேரத்தில் பக்கத்தில் மறுபடியும் ஜவ்வரிசி கிளம்பியது. வேப்பிலையை அரைத்துக் கட்டினாள். மஞ்சள் போட்டாள். யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய் தடவினாள், அது தீயாகப் பிடித்தது. மருந்துக்கடையில் கையைக் காட்டி ஒரு களிம்பு வாங்கிப் போட்டாள், சட்டென்று அடங்கியது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வந்தது. ஒட்டுவாரொட்டி என்று சொல்லி, தேநீர் குடிக்கிற நேரத்தில் அவளுக்கு மட்டும் தனி டம்ளர் வைத்தார்கள். அதை அவளே கழுவி அவளே கொட்டகைக் கூரையில் செருகிக்கொள்ள வேண்டும்.

அவள் எங்கள் உப்பளத்தின் மிகச் சிறந்த கை. இதைக் கள்ளிவிளையில் ஆணும் பெண்ணும் ஒத்துக்கொள்வார்கள். வாருபலகையை அவள் பிடித்து இழுத்தால் பாத்தியின் தரை கீறாது, சேறு கலக்காது, உப்பு மட்டும் திரண்டு வரும். அவள் குவித்த அம்பாரத்தின் விளிம்பு கத்தியால் சீவியதுபோல நிற்கும், லாரிக்காரர்கள் ரோட்டிலிருந்தே இது வெயிலு குவித்தது என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவளின் விரல் மடங்கவில்லை. மடக்கினால் வெடிப்பு திறந்து பலகையின் காம்பில் ரத்தம் ஒட்டியது. புது வருசத்து உப்பு தொடங்கியதும் கணக்கப்பிள்ளை அரியபுத்திரன் அவளைச் சாக்கு தைக்கிற கொட்டகைக்கு மாற்றினார். கெட்ட மனிதர் இல்லை. ரோட்டோரத்துத் தலைப்பாத்தி, எங்கள் உப்பளத்தின் முகம் என்று சொல்லப்படுகிற பாத்தி, மிகச் சிறந்த கைக்குத்தான் கொடுக்கப்படும். வருகிற மழைக்காலம் முடிந்து அடுத்த உப்பு தொடங்குகிற அன்று உன் கை மூடித் திறந்தால் தலைப்பாத்தி உனக்கு, இல்லாவிட்டால் சாக்குக் கொட்டகையே நிரந்தரம் என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு அதற்குமேல் வேறு ஆசை இருக்கவில்லை. கை மூடவேண்டும், மூடித் திறக்கவேண்டும்.

தண்ணீர் வந்தபிறகு அந்தப் பேச்சு பின்னால் போய்விட்டது. ஊர் கூடி, கணக்கப்பிள்ளையிடம் பேசி, வெயிலுகந்தாள் கொட்டகைக்கு வரவேண்டாம், தெருக்களில் நடந்தால் போதும், நடப்பதற்கே வருகைப் பதிவு போடுவது என்று ஏற்பாடு செய்தது. அவள் காலையில் தலை சீவி, பூ வைத்து, வடக்குத் தெருவில் தொடங்கி நடப்பாள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் மண்ணைச் சலித்து, நனைத்து, மெத்தென்று வைத்திருப்பார்கள், அதில் அவள் ஒரு கால் ஊன்றி மறுகால் எடுப்பாள். தடங்களுக்கு ஓட்டாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் மூடி போட்டோம். தடங்களுக்குப் பெயர் வந்தது, நாசுவன் வீட்டு வலது, பள்ளிக்கூடத்து இடது என்று. கிழக்குத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு குதிகால் விழுந்துவிட்டது, அதற்காக அண்ணனும் தம்பியும் பேச்சு நின்று, பிறகு அவளையே கூட்டிவந்து இன்னொரு அடி வைக்கச் சொல்லிச் சமாதானம் ஆனார்கள். தனி டம்ளர் இன்னும் கூரையில்தான் இருந்தது. அவள் காலடியில் மொண்டு குடித்துவிட்டு, அவள் டம்ளரைத் தொடாமல் விலகிப் போகிற ஆட்களும் கொஞ்சநாள் இருந்தார்கள். தடத்து நீரைக் குடித்த வாய் டம்ளரைப் பார்த்து முகம் சுளிப்பது சரியில்லை என்று அவர்களுக்கே தோன்றியபோது, அந்த டம்ளர் ஒருநாள் மற்ற டம்ளர்களோடு சேர்ந்து கிடந்தது, எது அது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

எங்களுக்குப் பெருமையான காலம் அது. கோடை ஏறியது, தாழைக்குளத்துக் கிணறு சேறு கண்டது, அந்த ஊர்ப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார்கள். நாங்கள் அவர்களை நிற்கவைக்கவில்லை. வந்தவர்களுக்குப் பாய் போட்டு, பெயர் கேட்டு, எங்கள் பெயரும் சொல்லி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றினோம்; அவர்களில் சிலருக்குத் தலை நிமிரவில்லை. அந்த ஆவணியில் மட்டும் கள்ளிவிளைக்கு வந்த சம்பந்தங்களை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே புதிதாக உண்டாக்கலாம். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்குமுன் தடத்தைப் பார்த்தார்கள்.

வெயிலுகந்தாளும் பெருமையோடுதான் நடந்தாள். ஆனால் நடப்பது அவள். காலையில் நனைந்த மண், நடுப்பகலில் சுடுமண், வரப்பில் உப்பு. நனைவதும் காய்வதும் நனைவதுமாக உள்ளங்கால் பாளம் பாளமாகப் பிளந்தது. கால் பிளக்கப் பிளக்கத் தடம் ஆழமாக விழுந்தது, தண்ணீர் கூடுதலாக நின்றது. உப்பு லாரியில் சுமை தூக்குகிற அவள் புருசன் சுயம்பு, அவள் கட்டிலின் கயிற்றில் காலைத் தேய்க்கிற சத்தத்தில் விழித்துக்கொண்டு, விசிறியால் அவள் காலுக்கு விசிறிவிடுவான். அவளால் சோற்றைப் பிசைய முடியவில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் கொட்டகைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்த வாருபலகையைப் பிடித்துப் பார்த்தாள். நாலு விரலும் காம்பைச் சுற்றின, கட்டைவிரல் வரவில்லை.

மறுநாள் அவள் நடக்கவில்லை. லிங்கக்கனியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவுக்கு முன்னால் கையை நீட்டினாள். டாக்டரம்மா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெறும் கையால் அவள் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார், பிறகு கீழே உட்கார்ந்து காலைத் தன் மடிக்குமேல் தூக்கிப் பார்த்தார். லிங்கக்கனி இதை ஊருக்கு வந்து பலமுறை சொன்னாள், வெறுங்கையால் பிடித்தார் என்று.

இதற்குப் பெயர் எக்சிமா என்று டாக்டரம்மா சொன்னார். சாபம் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை, தொட்டாலும் வராது, ஒரே பாயில் படுத்தாலும் வராது. தோல் என்பது ஒரு மதில், சிலருக்குப் பிறப்பிலேயே அந்த மதிலில் பூச்சு மெல்லிசு. உப்பும், முரட்டுச் சோப்பும், நனைந்து காய்ந்து நனைகிற வேலையும் அதை உதிர்த்துவிடும், உதிர்ந்த இடத்தில் எது பட்டாலும் உடம்பு உள்ளே இருந்து சண்டைக்கு எழும், அந்தச் சண்டைதான் சிவப்பும் கொப்புளமும் அரிப்பும். இதைப் பிடுங்கி எறிய மருந்து கிடையாது, ஆனால் அடக்கி வைத்து ஆள முடியும் என்றார். தான் தருகிற களிம்பை மெல்லிசாகப் பூசி, சொன்ன வாரங்கள் மட்டும், சொன்ன மாதிரிக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தவேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது. தோல் காயாமல் இருக்கத் தருகிற வெள்ளைப் பசையை மட்டும் கணக்கில்லாமல் பூசலாம், கைகால் கழுவித் துணியால் ஒற்றி, ஈரம் முழுக்கப் போவதற்குள் பூசவேண்டும், அதுதான் மதிலுக்குப் பூச்சு. வேலைக்கு உள்ளே பருத்தி உறை, வெளியே ரப்பர் உறை, காலுக்குப் பருத்தி உறையோடு ரப்பர் பூட்ஸ். வியர்த்தால் கழற்றிக் காயவைத்துவிட்டு மறுபடியும் போடவேண்டும். அரித்தால் சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்து அழுத்தவேண்டும், நகத்தை ஒட்ட வெட்டவேண்டும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வரவேண்டும். மஞ்சளும் மண்ணெண்ணெயும் இனி வீட்டில் குழம்புக்கும் விளக்குக்கும் மட்டும்.

கிளம்பும்போது லிங்கக்கனி தயங்கித் தயங்கி, கால் ஆறிவிட்டால் தண்ணீர் நின்றுவிடுமா என்று கேட்டாள். எந்தத் தண்ணீர் என்று டாக்டரம்மா கேட்க, அவள் சொன்னாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தோலப் பத்தித்தாம்மா தெரியும். தண்ணியப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா கால் இவங்களோடது."

பஸ்ஸில் லிங்கக்கனி மருந்துப் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

களிம்பு மெல்லிசாக, பசை கணக்கில்லாமல். ஆவணி முடிவதற்குள் விரல் இடுக்குகளில் ஜவ்வரிசி புதிதாகக் கிளம்புவது நின்றது. புரட்டாசியில் உள்ளங்காலின் பெரிய பிளவுகள் ஓரங்களிலிருந்து ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. வெயிலுகந்தாள் நடப்பதைக் குறைத்தாள், வாசலுக்கு வந்து கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு அடி வைத்தாள். தடம் மேலாக விழுந்தது. அதில் ஒரு செம்பு மொண்டால் மறு செம்புக்குக் காத்திருக்கவேண்டி வந்தது. சுண்டிப்போன தடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சிரட்டையை எடுத்துப் பார்த்து, மூடி, மறுபடி எடுத்துப் பார்க்கிற பழக்கம் ஊரில் பலருக்கு வந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெயிலுக்கு நெறம் வச்சிருக்கு, முகம் தெளிஞ்சிருக்கு என்று அவளைப் பார்த்துச் சந்தோசமாகத்தான் சொன்னார்கள், சொல்லிவிட்டு அவள் காலைப் பார்த்தார்கள்.

ஊர் கூடியது. அதில் பேசியவர்கள் எல்லோரும் மரியாதையைப் பற்றித்தான் பேசினார்கள். கள்ளிவிளையில் ஒவ்வொரு வருசமும் உப்பு முடிகிற கடைசி நாள், கடைசிப் பாத்தியில் வெயில் குடித்துக் குடித்துத் தேன்பதத்துக்கு வந்துவிட்ட உப்புநீரை ஒரு பானையில் மொண்டு, அந்த வருசத்தின் மிகச் சிறந்த கையை மணையில் நிறுத்தி, இரண்டு கைகளையும் ஏந்தச் சொல்லி ஊற்றுவோம். நீர் உள்ளங்கையில் விழுந்து முழங்கைவழி இறங்கிக் காலில் சொட்டும், அதற்குக் கால்நனைப்பு என்று பெயர். அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது. வாங்கியவர்களின் பெயரைக் குழந்தைகள்கூடச் சொல்வார்கள். பெண்களில் வாங்கியவர்கள் குறைவு. வெயிலுகந்தாள் தன்னுடைய முறை வருகிறது என்று காத்திருந்த வருசத்தில்தான் கொப்புளம் கிளம்பியது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கால்களுக்குக் கால்நனைப்பு செய்யாத ஊர் என்ன ஊர் என்று கணக்கப்பிள்ளை அரியபுத்திரன் கேட்டபோது எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்த நீர் ஆறிக்கொண்டிருக்கிற தோலை என்ன செய்யும் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. உப்பளத்தில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

லிங்கக்கனிதான் செய்தியைக் கொண்டுபோனாள். வெயிலுகந்தாள் வாசலில் உட்கார்ந்து கணுக்காலுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதை லிங்கக்கனி பார்த்தாள். எத்தனையோ வருசமாக அந்த முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அது கொஞ்சநேரம் நின்றது. பிறகு அவள் கையைத் திருப்பி, இளஞ்சிவப்பாகப் புதிதாக மூடியிருந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இதுல அந்தத் தண்ணி பட்டா என்னாகும்னு அவியளுக்குத் தெரியாதா மயினி?"

"தெரியாதவுக யாருளா இருக்கா" என்றாள் லிங்கக்கனி.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் லிங்கக்கனி நினைத்தாள். சுயம்புவும் அதைத்தான் நினைத்தான், கால்நனைப்பை வேண்டாம் என்றவர்கள் கள்ளிவிளையில் எப்படி வாழ்வது என்று அவன் அன்று முழுக்க யோசித்தான், வேறு ஊரில் லாரி வேலை கிடைக்குமா என்றுகூட ஒருவரிடம் விசாரித்தான். வெயிலுகந்தாள் மறுநாள் அவனை டவுனுக்கு அனுப்பினாள், இன்னின்னது வாங்கி வா என்று.

கடைசி நாள் தாழைக்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், சம்பந்தம் பேசியவர்கள், பேசப்போகிறவர்கள். கடைசிப் பாத்தியின் கரையில் மணை போட்டு, மேளம் வைத்து, பெண்கள் வரிசையாக நின்றார்கள். வெயிலுகந்தாள் வந்தாள். அரக்குச் சேலை, தலை நிறைய பிச்சிப்பூ, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேவரை கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை ஏறிய மஞ்சள் ரப்பர் உறை, அதன் விளிம்பில் உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பருத்தி உறையின் ஓரம். பூட்ஸ் நடக்க நடக்கச் சத்தம் போட்டது. மேளக்காரர் அடியை விட்டுவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு முன்வரிசைக்கு வந்து, அவள் மணைமேல் ஏறி நின்றதும் நின்றுபோனது.

பானையைத் தூக்கி நின்ற கணக்கப்பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "கழத்திட்டு வா வெயிலு" என்றார் மெதுவாக. "கால்நனைப்புன்னா கால் நனையணும்லா."

"நனைப்பு எனக்கா, எம் புண்ணுக்கா அண்ணாச்சி?"

அவர் பானையின் பிடியை மாற்றிக்கொண்டார்.

"எனக்குன்னா ஊத்துங்க, ஏந்திக்கிடுதேன்" என்று அவள் இரண்டு கைகளையும் ஏந்தினாள். "புண்ணுக்குன்னா, அது இப்பம் இங்க இல்ல."

தூக்கிய பானையை ஊற்றாமல் கீழே வைக்கக்கூடாது என்பது கால்நனைப்பின் முறை. வைத்தால் அடுத்த வருசம் உப்பு விளையாது என்பார்கள். கணக்கப்பிள்ளை வயதானவர், பானை கனத்து ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. அவர் பின்னால் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார், எங்களில் யார் வேண்டுமானாலும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது லிங்கக்கனி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். ஒற்றைக் குலவை, அந்த வெட்ட வெளியில் அது கடல்வரை போயிற்று. அவள் மூச்சு முடிகிற இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள், அவள் விட்ட இடத்தில் இன்னொருத்தி, கணக்கப்பிள்ளை ஊற்றினார். தேன்போல மெதுவாக இறங்கிய உப்புநீர் மஞ்சள் உறையின் உள்ளங்கையில் நிறைந்து, முழங்கையில் வழிந்து, கறுப்பு பூட்ஸின்மேல் சொட்டி ஓடியது, வெயில் பட்டதும் அங்கங்கே பூத்து வெளுத்தது. அவள் மணையிலிருந்து இறங்கும்போது கையிலும் காலிலும் உப்பை அணிந்துகொண்டு இறங்கினாள். அந்த வருசத்து உப்பில் அவ்வளவு வெள்ளையை நாங்கள் பார்த்ததில்லை.

தாழைக்குளத்துக்காரி ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், அப்படியானால் தண்ணீர் நின்றுவிடுமே என்றாள், கவலையாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவள் வடக்குத் தெரு சொர்ணக்கிளி, தன் வீட்டுத் தடத்தைத் தெருநாய் நக்கியதற்காக ஒரு மாதம் ஊரோடு சண்டை போட்டவள். அவள் திரும்பி, "நின்னா நிக்கட்டும்க்கா. ஒங்க கெணத்துக்கு வாரோம். எங்க தண்ணியக் குடிச்சவுகதான நீங்க" என்றாள்.

ஐப்பசி மழை பெய்து தடங்களை அழித்தது. மழை நின்றபிறகு அவள் காலடி மற்றவர்களின் காலடிபோல விழுந்து, மற்றவர்களின் காலடிபோல உலர்ந்தது. சிரட்டைகள் அடுப்புக்குப் போயின. எங்கள் பெண்கள் குடத்தோடு தாழைக்குளத்துக்குப் போனார்கள், போய் ஓரத்தில் நிற்காமல் வரிசையில் நின்றார்கள், அங்கே யாரும் உப்பு வந்து நிக்கி என்று சொல்லவில்லை. பெயர் தெரிந்துவிட்ட ஆளை அப்படிக் கூப்பிட நாக்கு வராது. பேசிய சம்பந்தங்களில் ஒன்றிரண்டு முறிந்தன. முறிந்தவை முறிந்தவைதான், கால்நனைப்பு நடந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்த சம்பந்தங்கள் அதைவிட அதிகம், அவர்கள் அந்த பூட்ஸைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள்.

மாசியில் உப்பு தொடங்கியது. தலைப்பாத்தியின் கரையில் கணக்கப்பிள்ளை வந்து நின்று, கையைக் காட்டு என்றார். வெயிலுகந்தாள் மூடினாள், திறந்தாள். அவர் விலகிப் பாத்தியை அவளுக்கு விட்டார். அவள் களிம்பை எப்போதோ நிறுத்தியிருந்தாள், பசையை நிறுத்தவில்லை. சித்திரையில் ஒருமுறை இடது கை விரல் இடுக்கில் மறுபடியும் ஜவ்வரிசி தலைகாட்டியது. அவள் பயப்படவில்லை, பஸ் ஏறிப் போய்க் காட்டி, சொன்ன நாட்கள் களிம்பு போட்டு, பலகையை லிங்கக்கனியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகையில் இருந்தாள், அடங்கியதும் வந்து பலகையை வாங்கிக்கொண்டாள். அது வரும், போகும், அதன் நடை அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருத்தி ஒரு ஜோடி வாங்கினாள், பிறகு இன்னொருத்தி. வைகாசியில் ரோட்டிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவில் கறுப்புக் கால்களாக நின்றன. வெயில் உச்சிக்கு ஏறுகிறபோதெல்லாம் உப்பளம் முழுக்க உறைகளைக் கழற்றுகிற சத்தம் கேட்கும், கைகளைக் காற்றில் விரித்துக்கொண்டு எல்லோரும் கொட்டகை நிழலுக்குப் போவார்கள்.

அப்படி ஒரு பகல். தலைப்பாத்தியில் அன்றைய உப்பு குவிந்து நின்றது, அதன் விளிம்பு நேராக இருந்தது. நிழலில் தேநீர் வந்திருந்தது, சொர்ணக்கிளி யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள், வெயிலுகந்தாள் சிரித்துக்கொண்டே புறங்கையில் பசை பூசிக்கொண்டிருந்தாள். ரோட்டில் லாரி நின்று, கிளீனர் இறங்கி அம்பாரத்தைப் பார்த்து, இது யார் கை என்று கேட்டான், பல பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை அரியபுத்திரன் கரைவழியாக வந்துகொண்டிருந்தார். வெயிலுகந்தாள் காயவைத்திருந்த பருத்தி உறைகளில் ஒன்று காற்றில் பலகைக் காம்பிலிருந்து விழுந்து வரப்பில் கிடந்தது, விரல்கள் உள்பக்கம் மடிந்து ஒட்டியிருந்தன. அவர் குனிந்து அதை எடுத்தார், உப்பைத் தட்டினார், வாயில் வைத்து ஊதினார், ஐந்து விரல்களும் வெளியே வந்தன. அதைக் காம்பில் மாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்.